பழைய ஷாக் அப்சார்பரும் நம் கடைப் பையனும்



வரி, உரிமம், எடை முத்திரை, விலைவாசி என்று நாம் எழுதிவரும் இந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பற்றி எழுத வந்தால், "இதை மெக்கானிக் பார்த்துக்கொள்வாரே, வணிகர் இதழில் இதற்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். மண்டியிலிருந்து சரக்கு நம் கடைக்கு வேனில் வருகிறது. நம் கடையிலிருந்து வீட்டுக்கும் டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் போவது இரண்டு சக்கர வண்டியின் கேரியரில். கைபேசியில் சொன்ன சிறிது நேரத்தில் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெரிய நிறுவனங்களோடு நாம் இன்று போட்டி போடுவதே அந்தக் கேரியரை நம்பித்தான். அந்தக் கேரியருக்குக் கீழே குனிந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நாங்களும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நாள் வந்த பிறகுதான் பார்த்தோம்.

எங்கள் கடையில் டெலிவரிக்கு ஓடுவது பத்து வருடம் ஓடி முடித்த ஒரு நூறு சிசி மோட்டார் சைக்கிள். பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் "டங்" என்று அடிக்கிறது என்று பையன் பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தான். தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். கடைசியில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர் வாங்கினோம். புதியதற்குச் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே. அதிலும் பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய் குறைத்தோம். கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வாங்கியதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக், "பாரம் ஏத்துற வண்டிதானே அண்ணாச்சி, கடைசிப் படியில வச்சிருக்கேன். இனிமே கல்லு மாதிரி நிக்கும்" என்றார். கல் மாதிரிதான் நின்றது, மூன்று நாள். நான்காம் நாள் மாலை தூறல். கேரியரில் அரிசி இரண்டு சிப்பம், ஒரு எண்ணெய் டின், ஹேண்டிலில் ஒரு பை. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகத் துள்ளியிருக்கிறது. பையன் விழுந்தான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நாற்பத்தைந்து நாள் கட்டு. பின்னால் பேருந்து ஏதும் வராதது தெய்வச் செயல்.

ஆஸ்பத்திரியில் அந்தத் தாய் நம்மிடம் சண்டை போடவில்லை. "வண்டி சரியாத்தானே இருந்துச்சு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவச் செலவைக் கொடுத்தோம், சம்பளத்தையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வண்டியை வேறொரு பெரியவரிடம் காட்டினோம். நாற்பது வருடம் இதே வேலை பார்த்தவர். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். இடது பக்கம் ஆயில் முழுக்க வெளியே போய், வெறும் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கசிவை டீசலில் கழுவி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதோடு வலது பக்கம் ஐந்தாம் படியில் இருக்க, இடது பக்க வளையம் துருப்பிடித்து மூன்றாம் படியிலேயே இறுகிக் கிடந்தது. ஒரு தட்டில் ஐந்து கிலோக் கல், இன்னொரு தட்டில் மூன்று கிலோக் கல் வைத்துவிட்டு முள் நேராக நிற்கும் என்று நம்புவது போலத்தான் அந்த வண்டியை நம்பி அந்தப் பையன் ஏறியிருக்கிறான்.

ஸ்பிரிங் ஒரு வேலை, ஆயில் ஒரு வேலை

ஷாக் அப்சார்பர் என்பது ஒரே சாமான் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு. வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே குழாயில் இருக்கும் ஆயில், அழுந்திய ஸ்பிரிங் துள்ளி எழுவதை அடக்குகிறது. சிறு துளைகள் வழியே ஆயில் நெருக்கிக்கொண்டு போவதால் தண்டு மெல்ல ஏறி இறங்குகிறது. ஆயில் போய்விட்டால் ஸ்பிரிங் குழந்தைகள் குதிரை ஆடுவது போல ஆடும். ஆடுகிற நேரத்தில் சக்கரம் தரையை விட்டுத் தரையைத் தொடும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்?

நம்மில் பெரும்பாலோர், மெக்கானிக்குகளில் சிலரும்கூட, செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. வண்டி உட்கார்ந்தால் வளையத்தைத் திருப்பு. துள்ளினால் வளையத்தைத் திருப்பு. பாரம் கூடினால் வளையத்தைத் திருப்பு. சாதாரண மோட்டார் சைக்கிள்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிக்கட்டு போல வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. அதைத் திருப்பினால் என்ன நடக்கிறது என்பதை நம் வணிகர்களுக்கு விளக்குவது மிக எளிது. கடிகார முகமுள்ள ஸ்பிரிங் தராசை நாம் அறிவோம். முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த அதில் ஒரு திருகு உண்டு. அந்தத் திருகைத் திருப்பினால் முள் நகரும். அதனால் பத்துக் கிலோத் தராசு இருபது கிலோத் தராசாக ஆகிவிடுமா? ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். கிலோவுக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கும்; தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

மோட்டார் சைக்கிள் வளையமும் அதே திருகுதான். ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பதால் வண்டியின் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்கிறது. பாரம் ஏறி உட்கார்ந்த உயரத்தை மீட்டுத் தருவது அதன் வேலை. ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவது அதன் வேலையல்ல. போன ஆயிலை அதனால் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. இந்த ஒன்று தெரிந்திருந்தால் நாங்கள் அன்று "கல்லு மாதிரி நிக்கும்" என்ற சொல்லுக்கு மயங்கியிருக்க மாட்டோம்.

பழசே வாங்கக் கூடாதா?

"இதற்குத்தான் புதுசாக வாங்க வேண்டும்" என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. சிறு வணிகரின் கல்லாப்பெட்டி நிலைமை நமக்குத் தெரியும். பழைய உதிரிபாகம் விற்பவரும் நம்மைப் போல ஒரு வணிகர்தான். சென்னை புதுப்பேட்டையில் அந்தத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய சாமானைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவதும் ஒரு சேவைதான். விபத்துக்குப் பிறகு இரண்டாம் முறையும் நாங்கள் வாங்கியது பழசையே. ஆனால் இந்த முறை பருப்பு வாங்குவது போல வாங்கினோம். மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்க்காமல் நடுவில் குத்தூசி போட்டு எடுத்துப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜோடி. ஒரே வண்டியில் இருந்து கழற்றிய ஜோடியாக இருக்க வேண்டும். மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை டேப் வைத்து அளந்தால் இரண்டும் ஒரே நீளம் வர வேண்டும். அந்த நீளம் நம் வண்டியில் கழற்றிய பழைய ஷாக் அப்சார்பரின் நீளமாகவும் இருக்க வேண்டும். ஸ்பிரிங் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். "இது கொஞ்சம் நீளம், ஆனா மாட்டிடலாம்" என்று சொன்னால் வேண்டாம் என்று வந்துவிட வேண்டும். நீளம் கூடினால் சென்டர் ஸ்டாண்டு எட்டாது, செயினின் இழுப்பு மாறும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். நீளம் குறைந்தால் பாரத்தில் டயர் மட்கார்டில் உரசும்.

அடுத்து தண்டு. பளபளவென்று இருக்க வேண்டிய அந்தத் தண்டில் அம்மைத் தழும்பு போலத் துருப்பள்ளம் இருந்தால், அது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும். இன்று கசியாவிட்டாலும் ஒரு மாதத்தில் கசியும். தண்டு வளைந்திருக்கக் கூடாது. துளைகளில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருந்தால் அது மட்டும் சிறு செலவு, மாற்றிக்கொள்ளலாம்.

பிறகுதான் முக்கியமான சோதனை. ஷாக் அப்சார்பரை நிமிர்த்தித் தரையில் ஒரு கட்டை மேல் ஊன்றி, உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். சற்று இறங்கும். கையை எடுத்தால் நிதானமாக எழ வேண்டும். "டக்" என்று துள்ளி எழுந்தால் உள்ளே ஆயில் இல்லை. இரண்டும் ஒரே நிதானத்தில் எழ வேண்டும். பத்து முறை இப்படிச் செய்துவிட்டு, பொட்டலம் மடிக்கும் தாளால் தண்டைத் துடையுங்கள். தாளில் எண்ணெய்த் திட்டு விழுந்தால், மேலே எவ்வளவு பெயிண்ட் அடித்திருந்தாலும் சரி, அது போன கேஸ். எங்கள் முதல் ஜோடியை இப்படி ஒருமுறை துடைத்துப் பார்த்திருந்தால் போதும். பொட்டலத் தாளுக்கா நம்மிடம் பஞ்சம்?

"ரீகண்டிஷன் பண்ணியது" என்று சொல்லி விற்பதில் எச்சரிக்கை தேவை. சீல் மாற்றி, சரியான ஆயிலைச் சரியான அளவில் ஊற்றியிருந்தால் நல்லதுதான். ஆனால் ஷாக் அப்சார்பர் "டைட்டாக" இருக்க வேண்டுமென்று என்ஜின் ஆயில் போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. கடையில் அழுத்திப் பார்க்கும்போது நன்றாகவே தெரியும். சாலையில் அடுத்தடுத்துப் பள்ளம் வரும்போது, முதல் பள்ளத்தில் அழுந்தியது எழுவதற்குள் இரண்டாம் பள்ளம் வந்துவிடும். பின்பக்கம் படிப்படியாக உட்கார்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங்கின் அடியில் குழாய்த் துண்டையோ தடித்த வாஷரையோ செருகிப் "பலப்படுத்தி" இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்து, முழுப் பாரத்தில் கம்பியோடு கம்பி முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் கட்டை. பக்கத்தில் சிறு குப்பி வைத்த கேஸ் வகை ஷாக் அப்சார்பரில் நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். அதைத் திறக்கவோ சூடு காட்டவோ யாரையும் விடாதீர்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் எந்த வகையையும் கடை வாசலில் பிரிக்கக் கூடாது; தெறித்தால் கண் போகும்.

ஒரு சொல் விலையைப் பற்றி. பழைய ஜோடியின் விலையையும், பெயர்பெற்ற கம்பெனிகளின் புது ஜோடி விலையையும் ஒரே நாளில் விசாரித்துப் பாருங்கள். 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா போன்ற கம்பெனிகளின் ஷாக் அப்சார்பர்கள் சாதாரண உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பழையதன் விலை புதியதில் முக்கால்வாசிக்கு வந்துவிட்டால் பழசு வாங்குவதில் வியாபார நியாயமே இல்லை. இதை நாம் வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டேப்பும் தராசும் போதும்

இனி பொருத்தி அளவு வைக்கும் கதை. அந்தப் பெரியவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏத்துறீங்க?" என்பது. முழித்தோம். கிராம் கணக்கில் ஏலக்காய் நிறுக்கும் நமக்கு, நம் பையன் முதுகுக்குப் பின்னால் எத்தனை கிலோ போகிறது என்று தெரியவில்லை. மின்னணுத் தராசை ஆண்டுதோறும் முத்திரைக்குக் கொண்டுபோகிறோம். அந்தத் தராசிலேயே ஒருநாள் டெலிவரிச் சரக்கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று நிறுத்தோம். அரிசி இரண்டு சிப்பம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிப்பம் 26 கிலோவானது நமக்குத் தெரிந்த கதை. வரிக்காகக் கூட்டிய அந்த ஒரு கிலோவும் கடைசியில் பையனின் கேரியரில்தான் ஏறுகிறது. ஆக 52 கிலோ. எண்ணெய் டின் 15 கிலோ. சில்லறைச் சாமான் பை 8 கிலோ. மொத்தம் 75. பையன் 60 கிலோ. ஆக 135. நூறு சிசி வண்டிகள் பலவற்றுக்கும் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சரக்கு எல்லாம் சேர்த்தே கம்பெனி சொல்லும் கணக்கு சுமார் 130 கிலோ. அதுவும் பின்னால் ஓர் ஆள் சீட்டில் உட்காரும் கணக்கு. நாம் ஏற்றுவதோ சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியரில். பழைய தூக்குக்கோலில் கல்லைத் தள்ளித் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பின்னால் அழுத்தும் பாரம் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. ஹேண்டில் லேசாகிறது; ஹெட்லைட் மரத்தின் உச்சியைப் பார்க்கிறது.

அளக்கும் முறை இதுதான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சு நட்டிலிருந்து நேர் மேலே கேரியர் அடிச்சட்டத்தில் ஒரு சாக்பீஸ் குறி வரை அளந்தோம். 54 சென்டிமீட்டர். இரண்டாம் படியில் வைத்து, பையனை உட்கார வைத்து, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள அளந்தபோது 51.5. அதாவது இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியது. சக்கரம் மொத்தம் ஏறி இறங்கக்கூடிய தூரம் அந்த வண்டியில் 9 சென்டிமீட்டர். ஓட்டுபவர் உட்கார்ந்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்குவது சரி என்றார் பெரியவர். பிறகு அந்த 75 கிலோவையும் ஏற்றினோம். 48. ஆறு சென்டிமீட்டர் போயிற்று. மீதி மூன்று சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாலையில் எந்தப் பள்ளத்தைத் தாங்குவது? "டங்" சத்தத்தின் ரகசியம் அதுதான்.

ஐந்தாம் படிக்குத் திருப்பினோம். மூன்று படிக்கும் சேர்த்து உயர்ந்தது 1.2 சென்டிமீட்டர். அப்போதும் இறக்கம் பாதிக்கு மேல்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு சிப்பத்தைத் தூக்கிக் கீழே வைத்தார். வண்டி இன்னொரு 1.2 சென்டிமீட்டர் உயர்ந்தது. மூன்று படி திருப்புவதும் ஒரு சிப்பத்தை இறக்கி வைப்பதும் டேப்பில் ஒன்றுதான்! அன்று அதைப் பார்த்தபோது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசிப் படியிலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டோம். சரக்கை எல்லாம் இறக்கிவிட்டுப் பையனை மட்டும் உட்கார வைத்து அளக்கச் சொன்னார். இறக்கம் 1.3 சென்டிமீட்டர்தான். அதாவது சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, சாலையில் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க அவ்வளவுதான் இடம். அதற்கு மேல் பள்ளமானால் சக்கரம் அந்தரத்தில். போகும் வழியில் ஓர் ஆபத்தைக் குறைக்கப் போய், வரும் வழியில் இன்னோர் ஆபத்தை வாங்குகிறோம். பாரம் ஏற்றும் வண்டி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் படியில் வைப்பது தவறு என்பதே நம் கருத்து. எங்கள் வண்டி இப்போது நாலாம் படியில் இருக்கிறது. நடைக்கு ஒரு சிப்பமும் ஒரு டின்னும் சில்லறைப் பையும், 49 கிலோ. இறக்கம் நாலு சென்டிமீட்டர், பாதிக்குள். இரண்டாவது சிப்பம் இரண்டாவது நடை.

வளையத்தைத் திருப்புவதற்கென்றே கொக்கி போல வளைந்த ஸ்பானர் இருக்கிறது. வண்டி வாங்கும்போது பையில் கொடுத்திருப்பார்கள். நம்மில் பலர் தொலைத்திருப்போம். பின்சக்கரம் தொங்கும் நிலையில் அதைப் போட்டுத் திருப்ப வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் வளையத்தின் வாய் உடையும், அடி தவறி ஸ்பிரிங்கில் வெட்டுக்காயம் விழுந்தால் அந்த இடத்தில் பின்னால் கம்பி ஒடியும். இறுகிக் கிடந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்கலாம். அப்படியும் திரும்பாத வளையமுள்ள ஜோடியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படி என்பதை மெக்கானிக் சொல்ல நம்பாமல் நாமே குனிந்து எண்ண வேண்டும். எண்ண இரண்டு விநாடி ஆகாது. பொருத்திய பின் செயின் தொய்வையும் ஹெட்லைட் பார்வையையும் சரி பார்க்க வேண்டும், மறுநாள் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். காற்று கம்பெனி சொன்ன அளவில் இல்லையென்றால் மேலே எழுதிய எல்லாமே வீண்.

"நடை இரண்டானால் பெட்ரோல் யார் போடுவது?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். எங்கள் கடையிலேயே வந்தது. இரண்டு சிப்பம் கேட்கும் வாடிக்கையாளர் எல்லா நாளும் வருவதில்லை. வரும் நாளில், இரண்டு மூன்று மெஸ்ஸுக்குச் சேர்த்துச் சாயங்காலம் ஒரு தட்டு வண்டியோ ஆட்டோவோ பேசி அனுப்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்ததில், பையன் கட்டோடு வீட்டில் இருந்த நாற்பத்தைந்து நாளில் தற்காலிக ஆளுக்குக் கொடுத்தது, ஆஸ்பத்திரிச் செலவு, நசுங்கிய டின், நனைந்த அரிசி இவற்றைச் சேர்த்தால் இரண்டாம் நடைக்கான பெட்ரோல் எத்தனையோ மாதத்துக்கு வரும். பேரத்தில் மிச்சம் பிடித்த நூற்றைம்பது ரூபாயை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார். அவருக்கும் பதில் சொல்லவில்லை.

மெக்கானிக்குகள் மேல் மட்டும் பழி போடுவதும் சரியல்ல. "சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க, கடையில ஆர்டர் நிக்குது" என்று அவசரப்படுத்துவது நாம்தான். அவர் அளவு வைக்க அரை மணி கேட்டால், நாம் ஐந்து நிமிடம் கொடுக்கிறோம். பையன்கள் குறை சொன்னாலும் "பார்த்து ஓட்டு தம்பி" என்று அனுப்பிவிடுகிறோம். வண்டி நம்முடையது, சரக்கு நம்முடையது, லாபம் நம்முடையது. பார்த்து ஓட்டும் பொறுப்பு மட்டும் அவனுடையதா?

நம் சங்கத்தின் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்க இருக்கிறோம். சங்கக் கட்டிடத்தில் இரண்டு கொக்கி ஸ்பானரும் ஒரு டேப்பும் வாங்கி வைக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்கும் முன், அந்தப் பெரியவர் வந்து உறுப்பினர்களின் டெலிவரி வண்டிகளைப் பார்த்துக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கூலியாக அவர் கேட்டது காலைக் காபி மட்டும். அதற்கு மேல் கொடுப்பது சங்கத்தின் மரியாதை. வருகிறவர்கள் வண்டியோடு அதை ஓட்டும் பையனையும் அழைத்து வர வேண்டும், வழக்கமாக ஏற்றும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சரக்கில்லாத வண்டியை அளந்து பயனில்லை. தராசுக்குக் கவலை வேண்டாம். எங்கள் கடைத் தராசைக் கொண்டுவருகிறோம்.

எங்கள் பையன் கட்டுப் பிரித்து வேலைக்கு வந்துவிட்டான். முதல் நாள் வண்டியை எடுக்குமுன் அவனே குனிந்து இரண்டு பக்கமும் படியை எண்ணிப் பார்த்தான். பிறகு தாளை எடுத்துத் தண்டைத் துடைத்து, நம்மிடம் காட்டிவிட்டுக் கிளம்பினான்.